பிள்ளையிடம் தெரியும் மாற்றம்: இளம் வயது மனப்பிறழ்வை முன்னதாகவே அறிவோம்

எங்கள் மருத்துவ உதவிப் பிரிவுக்கு வரும் விண்ணப்பங்களைப் படிக்கும்போது ஒரு வேறுபாடு ஒவ்வொரு முறையும் கண்ணில் படுகிறது. நெஞ்சு வலி என்றால் அன்றைக்கே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார்கள். சிறுநீரகக் கோளாறு என்றால் ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் முடித்து, டயாலிசிஸ் செலவுக்கு மட்டும் நம்மிடம் வந்திருப்பார்கள். மனநோய்க்கான விண்ணப்பம் அப்படி இருப்பதில்லை. நோய் எப்போது தொடங்கியது என்ற கட்டத்தில் ‘மூன்று வருடத்துக்கு முன்’, ‘ஐந்து வருடம் இருக்கும்’ என்று எழுதியிருக்கும். முதன்முதலாக மருத்துவரைப் பார்த்த நாள் என்ற கட்டத்தில் போன மாதத்துத் தேதி இருக்கும். நோயாளியின் வயது இருபதோ இருபத்திரண்டோ இருக்கும்.

இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவே கழிந்த காலத்தைப் பற்றியே இந்த இதழில் பேச விரும்புகிறோம். அந்தக் காலம் நீள நீளக் குணமாவது கடினமாகிறது. அதைக் குறைப்பதற்குப் பெரிய மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. குடும்பமும் மஹல்லாவும் விவரம் அறிந்திருந்தால் பெருமளவு குறைத்துவிடலாம். வேறொரு நாட்டில் இதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். அதைப் பின்னால் சொல்கிறோம்.

என்ன நோய் இது?

மருத்துவர்கள் ‘சைக்கோசிஸ்’ என்பதைத் தமிழில் மனப்பிறழ்வு என்கிறோம். உள்ளதையும் இல்லாததையும் பிரித்தறியும் ஆற்றல் மூளையில் குலைந்துபோகும் நிலை இது. மற்றவர்களுக்குக் கேட்காத குரல் இவருக்குக் கேட்கும். யாரோ தன்னைப் பின்தொடர்வதாக, தனக்கு எதிராகச் சதி நடப்பதாக உறுதியாக நம்புவார். எத்தனை ஆதாரம் காட்டினாலும் அந்த நம்பிக்கை அசையாது. பேச்சு ஒன்றோடொன்று சேராமல் சிதறும்.

இது ஒரே ஒரு நோயின் பெயர் இல்லை. காய்ச்சலுக்குப் பல காரணம் இருப்பதுபோல இதற்கும் பல காரணம் உண்டு. மனச்சிதைவு நோய், இருதுருவ மனநோய், மிகக் கடுமையான மனச்சோர்வு, கஞ்சா முதலிய போதைப் பொருள்கள், பிரசவத்துக்குப் பிந்தைய மாற்றங்கள் என்று அந்தப் பட்டியல் நீளும். சிலருக்குத் தைராய்டு கோளாறோ வலிப்பு நோயோ மூளை அழற்சியோகூட இந்த வடிவத்தில் வெளிப்படும். அதனால்தான் முதலில் மருத்துவரைப் பார்த்துக் காரணம் கண்டறிய வேண்டும் என்கிறோம்.

மனச்சிதைவு நோய் மட்டும் என்று எடுத்தால் நூறு பேரில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. எல்லா வகை மனப்பிறழ்வையும் சேர்த்தால் வாழ்நாளில் நூற்றுக்கு மூன்று பேர் வரை பாதிக்கப்படுவதாகப் பின்லாந்தில் நடந்த விரிவான ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் தொடங்குவது 15 வயதுக்கும் 30 வயதுக்கும் இடையில். படிப்பு, வேலை, திருமணம் மூன்றும் முடிவாகும் வயது அது. அந்த வயதில் ஓரிரு ஆண்டுகள் வீணாவது ஐம்பது வயதில் வீணாவதைப் போன்றதல்ல.

முதலில் தெரியும் மாற்றங்கள்

மனநோய் என்றதும் தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிறவரின் உருவம்தான் பலர் நினைவுக்கு வருகிறது. அது, கவனிப்பாரற்றுப் பல ஆண்டு முற்றிய நிலை. தொடக்கம் வேறு மாதிரி இருக்கும்.

பெரும்பாலான பிள்ளைகள் மாதக்கணக்கில், சிலர் ஆண்டுக்கணக்கில், மெல்ல மெல்ல மாறுகிறார்கள். பலருக்கு முதலில் கெடுவது தூக்கம். இரவு இரண்டு மணிக்கும் அறையில் விளக்கு எரியும். பகல் பன்னிரண்டு மணிவரை எழுந்திருக்க மாட்டான். அடுத்தது படிப்பு. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த பையன் கல்லூரியில் ஒவ்வொரு பருவத்திலும் அரியர் வைப்பான். புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்தபடி இருப்பான். கேட்டால் ‘மண்டையில ஏற மாட்டேங்குதும்மா’ என்பான். கூட்டாளிகள் தேடி வந்தால் வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்வான். குளிப்பது குறையும், போட்ட சட்டையையே போடுவான். பெருநாளுக்குப் புதுத்துணி எடுக்கக்கூடக் கடைத்தெருவுக்கு வரமாட்டான்.

இதன் பிறகே சந்தேகம் எட்டிப் பார்க்கும். தெருமுனையில் இரண்டு பேர் சிரித்தால் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்பான். போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டுவான். உம்மா ஆக்கி வைத்த சோற்றைத் தொடாமல், கடையில் வாங்கிய பிஸ்கட்டைத் தன் கையால் பிரித்துத் தின்பான். சிரிப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் சிரிப்பான். அழவேண்டிய இடத்தில் முகத்தில் எந்த அசைவும் இருக்காது. டி.வி. செய்தி வாசிப்பவர் தனக்கு மட்டும் குறிப்புக் கொடுப்பதாகச் சொல்வான்.

பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கவலைக்குரியது. பையன் வீட்டுக்குள் முடங்கினால் நாலு பேர் என்னவென்று கேட்பார்கள். பெண் பிள்ளை அறையைவிட்டு வெளியே வராமலும் யாரோடும் பேசாமலும் இருந்தால் ‘அடக்கமான பிள்ளை’ என்று பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டில் ஒரு வருடம் போய்விடுகிறது.

இதைப் படித்துவிட்டு, தாமதமாக எழுந்திருக்கும் ஒவ்வொரு பிள்ளையையும் சந்தேகப்பட வேண்டாம். போனும் கையுமாக விடிய விடிய விழித்திருக்கும் பிள்ளைகள் எல்லா வீட்டிலும்தான் இருக்கிறார்கள். இந்த மாற்றங்களில் ஏதோ ஒன்று மட்டும் இருப்பது போதாது. பல மாற்றங்கள் சேர்ந்து வருகின்றனவா, வாரக்கணக்கில் நீடிக்கின்றனவா, முன்பு இருந்த பிள்ளை வேறு இப்போது இருக்கும் பிள்ளை வேறு என்று பெற்றோருக்கே தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். நெருங்கிய ஒருவர் மவுத்தான சில வாரங்களில் அவருடைய குரல் கேட்டதுபோல் இருப்பது துயரத்தில் இயல்பாக வருவதுண்டு, அது நோயாகாது. ஒளு முறிந்துவிட்டதோ என்று திரும்பத் திரும்ப ஒளு செய்து, தொழுகையை மீண்டும் மீண்டும் தொடங்கும் வஸ்வாஸ் பெரும்பாலும் எண்ணச் சுழல் நோயைச் சேர்ந்தது. அதற்குத் தனிச் சிகிச்சை இருக்கிறது.

இலேசான அறிகுறிகளோடு மருத்துவரிடம் வரும் இளைஞர்களை உலகின் பல மையங்களில் தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அதிக ஆபத்து உள்ளவர்கள் என்று மருத்துவர்கள் கணித்தவர்களில்கூட மூன்று ஆண்டுக்குள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே முழு மனப்பிறழ்வு வந்தது. மற்ற மூவருக்கு வரவில்லை. ஆகவே இந்தக் கட்டத்தில் மருத்துவர் உடனே வலுவான மாத்திரைகளைக் கொடுக்காமல், தூக்கத்தைச் சீராக்கி, பதற்றத்துக்கும் சோர்வுக்கும் உளவியல் ஆலோசனை தந்து, மாதம் ஒருமுறை வரச்சொல்லிக் கவனிக்கலாம். ‘ஒன்றும் தராமல் அனுப்பிவிட்டாரே’ என்று மருத்துவரை மாற்றிவிடாதீர்கள். அந்தக் கவனிப்பே இந்தக் கட்டத்துக்கான சிகிச்சை.

சில நிலைகளில் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால், அப்படிச் செய்யும்படி குரல் கட்டளையிடுவதாகச் சொன்னால், சோறு தண்ணீரை அடியோடு மறுத்தால், காய்ச்சலோடோ வலிப்போடோ புத்தி தடுமாறினால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவமான பெண்ணும் இந்தக் கணக்கில் சேர்வாள். ஆயிரம் பிரசவத்தில் ஒன்றிரண்டு பேருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள், திடீரென்று மனப்பிறழ்வு வருகிறது. இரண்டு மூன்று இரவு தூங்காமல் இருப்பாள். குழந்தையை மாற்றிவிட்டார்கள் என்பாள், குழந்தைக்குள் ஏதோ புகுந்துவிட்டது என்பாள். நாற்பது நாள் கழியட்டும் என்று பொறுத்திருந்தால் தாய் சேய் இருவர் உயிருக்கும் ஆபத்து. முறையான சிகிச்சை கிடைத்தால் மிக நன்றாகக் குணமாகும் வகையும் இதுவே.

எங்கே போகிறது இத்தனை காலம்?

எங்களிடம் வரும் குடும்பங்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே வரிசைதான் கிடைக்கிறது. முதல் சில மாதம் ‘சோம்பேறித்தனம்’, ‘காதல் தோல்வி’, ‘பரீட்சைப் பயம்’ என்று போகும். அடுத்து, யாராவது செய்வினை செய்திருப்பார்களோ, ஜின் தீண்டியிருக்குமோ என்ற பேச்சு எழும். ஓதிப் பார்ப்பவர், தாயத்து, தகடு, தர்கா என்று அடுத்த ஒரு வருடம் போகும். அதற்கும் சரியாகாவிட்டால் ‘கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்’ என்ற யோசனை வரும்.

துஆவை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிறவர்களிடமிருந்து குடும்பங்கள் விலகித்தான் போகின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கட்டும் என்பதே எங்கள் கருத்து. குஜராத்தில் மீரா தாதார் தர்காவில் ‘மருந்தும் துஆவும்’ என்ற முறையைத் தொடங்கினார்கள். தர்காவுக்கு வரும் நோயாளிக்கு முஜாவர் துஆச் செய்கிறார். அவரே அங்குள்ள மனநல மருத்துவரிடமும் அனுப்பிவைக்கிறார். நம் ராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி தர்காவிலும் அரசு உதவியோடு அதே வழி பின்பற்றப்பட்டது. மார்க்க அறிஞர் ஒருவர் ‘டாக்டரைப் பாருங்கள், நான் துஆச் செய்கிறேன்’ என்று சொல்வதற்கு இருக்கும் மதிப்பு எங்களைப் போன்றவர்களின் பத்துக் கட்டுரைகளுக்கு இல்லை. எனவே மஹல்லா இமாம்களுக்கு எங்கள் அன்பான வேண்டுகோள்: தூக்கமின்மை, தனிமை, குரல் கேட்பது என்று யாராவது பிள்ளையை ஓதிப் பார்க்கக் கூட்டி வந்தால், ஓதுங்கள், அந்த வாரத்துக்குள் மருத்துவரையும் பார்க்கும்படி சொல்லியனுப்புங்கள். நோயாளியை அடிப்பவரிடமும், மிளகாய்ப் புகை போடுபவரிடமும், மாத்திரையை நிறுத்தச் சொல்பவரிடமும் அனுப்பாதீர்கள்.

ஏர்வாடியைப் பற்றிப் பேசும்போது 2001 ஆகஸ்ட் 6 நினைவுக்கு வராமல் இருக்காது. தர்காவுக்கு அருகில் தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அவர்களும் ஒரு காலத்தில் தூக்கம் கெட்டு, கூட்டாளிகளைவிட்டு ஒதுங்கிய இளைஞர்களாகத்தான் இருந்திருப்பார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் பிணைப்பதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்திருக்கிறது. வீட்டின் பின்கட்டில் கட்டி வைத்திருந்தாலும் மனிதனைக் கட்டியதுதான்.

திருமணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நோயை மறைத்துச் செய்யும் நிக்காஹ் இரண்டு வீட்டையும் கெடுக்கிறது. கூட இருப்பவர் பார்த்துவிடுவார் என்று மாத்திரையை மறைக்க வேண்டியிருக்கும். மறைக்க முடியாதபோது நிறுத்திவிடுவார்கள். சடங்குகளிலும் விருந்துகளிலும் தூக்கம் கெடும். கொஞ்ச நாளில் நோய் திரும்பும். எதுவும் தெரியாத ஒரு பெண்ணோ பையனோ அதன் நடுவில் நிற்பார்கள். அடுத்து தலாக், குலா என்று ஜமாஅத் அலுவலகத்துக்கு வருவார்கள். இந்நோய் வந்தவர் திருமணமே செய்யக்கூடாது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். சிகிச்சையில் நிலைபெற்று, எதிர்த் தரப்பிடம் உண்மையைச் சொல்லி, மருத்துவரின் ஆலோசனையோடு மணந்து நல்லபடி குடும்பம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அக்காவுக்கோ தங்கைக்கோ வரன் தட்டிப்போகும் என்று பிள்ளையின் நோயை மறைக்கிறார்களே, அதற்கு அந்தக் குடும்பத்தை மட்டும் குற்றம் சொல்ல மாட்டோம். பெண் கேட்டுப் போகும்போது அடுத்த வீட்டில் துருவித் துருவி விசாரிப்பவர்கள் நாம்தானே?

நார்வேயில் என்ன செய்தார்கள்?

நார்வே நாட்டில் ரோகலாந்து என்றொரு மாவட்டம். ஸ்டாவங்கர் அதன் முக்கிய நகரம். அங்கே முதன்முதலாக மனப்பிறழ்வு வந்தவர்களில் பாதிப் பேர், அறிகுறி தெளிவாகத் தெரிந்து 26 வாரம் கழிந்த பிறகே சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார்கள். 1997இல் அங்கே ஒரு முயற்சி தொடங்கியது. செய்தித்தாள், வானொலி, திரையரங்கு வழியாக அறிகுறிகளை எளிய மொழியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பள்ளி ஆசிரியர்களுக்கும் ஊர் மருத்துவர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்கள். யாரும், பரிந்துரைக் கடிதம் இல்லாமலே, தொலைபேசியில் அழைக்கலாம். ஓரிரு நாளில் ஒரு குழு வந்து பிள்ளையைப் பார்க்கும். 26 வாரம் 5 வாரமாகக் குறைந்தது.

இந்த முயற்சி இல்லாத பகுதிகளின் நோயாளிகளையும் இவர்களையும் 10 ஆண்டு கழித்து ஒப்பிட்டார்கள். ரோகலாந்தில் நூற்றுக்கு 31 பேர் நோய் நீங்கி, வேலை செய்து, சொந்தக் காலில் நின்றார்கள். மற்ற இடங்களில் அப்படி நின்றவர்கள் நூற்றுக்கு 15 பேர். இருபுறமும் கொடுத்த சிகிச்சை ஒரே மாதிரி. முன்னதாகக் கண்டறிந்ததுதான் வேறுபாடு. இன்னொரு செய்தியும் உண்டு. நடுவில் சில ஆண்டுகள் விளம்பரத்தை நிறுத்தியபோது அந்தக் காலதாமதம் மறுபடியும் 15 வாரமாக ஏறிவிட்டது. மருத்துவமனையும் மருத்துவர்களும் அப்படியேதான் இருந்தார்கள். நம் மஹல்லாவிலும் ஒருமுறை கூட்டம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டால் போதாது. ஆண்டுதோறும் பேச வேண்டும்.

நம் நாட்டுக்கும் ஒரு பலம் உண்டு. சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய மனச்சிதைவு ஆராய்ச்சி மையமான ‘ஸ்கார்ப்’, கனடாவின் மாண்ட்ரியல் நகர மருத்துவர்களோடு சேர்ந்து இளம் நோயாளிகளை இரண்டு ஆண்டு கவனித்தது. ஒதுங்கிப்போதல், ஆர்வமின்மை போன்ற அறிகுறிகளில் சென்னைப் பிள்ளைகளே கூடுதலாக முன்னேறினார்கள். சிகிச்சையைப் பாதியில் விட்டவர்களும் சென்னையில் குறைவு. குடும்பம் கூடவே வருவது இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. காலதாமதம் செய்வதும் குடும்பம்தான், கைப்பிடித்துக் கரையேற்றுவதும் குடும்பம்தான்.

சிகிச்சையைப் பற்றி

முதல் முறை நோய் வந்தவருக்குக் குறைந்த அளவு மருந்தே பெரும்பாலும் போதும். நல்ல தூக்கம் சில நாளில் வரும். குரல்களும் சந்தேகமும் அடங்கச் சில வாரம் ஆகும். பக்கவிளைவு உண்டு என்பதை மறைக்க மாட்டோம்: உடல் எடை கூடுவது, தூக்கக் கலக்கம், கை நடுக்கம், உடல் விறைப்பு, சில பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவது. மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். சொல்லாமல் நிறுத்துவதில்தான் ஆபத்து. முதல் முறை நோயிலிருந்து மீண்ட 104 பேரை நியூயார்க்கில் ஐந்து ஆண்டு கவனித்தபோது, மருந்தை நிறுத்தியவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பு ஏறத்தாழ ஐந்து மடங்கு கூடியது தெரிந்தது. நன்றாகிவிட்ட பிறகும் குறைந்தது ஓரிரு ஆண்டுகள் மருந்தைத் தொடரச் சொல்வது இதனால்தான். சோற்றிலோ டீயிலோ தெரியாமல் மாத்திரையைக் கலந்து கொடுக்காதீர்கள். ‘சோற்றில் ஏதோ கலக்கிறார்கள்’ என்று ஏற்கெனவே சந்தேகப்படுகிற பிள்ளைக்கு அதை நாமே உண்மையாக்கிவிடுகிறோம்.

ரமலானுக்கு முன்பே, ஷஅபானில், மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பல மருந்துகளின் நேரத்தை இஃப்தாருக்கும் சஹருக்கும் மாற்றிக்கொள்ள முடியும். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் நீர் வற்றினால் மருந்து உடலில் தேங்கி ஆபத்தாகும். அவர்கள் மருத்துவர் சொல்லாமல் நோன்பு வைக்கக் கூடாது. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைப் பற்றி உங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். இரவு விழிப்பும் இவர்களுக்கு ஆகாது.

தடுக்க முடியுமா?

முழுமையாகத் தடுக்கும் வழி இன்னும் இல்லை. பரம்பரைக் கூறு நம் கையில் இல்லாத ஒன்று. கையில் இருப்பவற்றில் முதலாவது கஞ்சா. ஸ்வீடனில் இராணுவத்துக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞர்களைப் பதினைந்து ஆண்டு கவனித்து 1987இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வந்த அளவு, தொடாதவர்களைவிட ஆறு மடங்கு. புகைத்த எல்லோருக்கும் வரும் என்பதில்லை. ஆனால் வீட்டில் யாருக்காவது இந்நோய் இருந்து, பிள்ளை பதினைந்து பதினாறு வயதிலேயே தொடங்கியிருந்தால் நெருப்போடு விளையாடுவதுதான். மெத்தம்பெட்டமைனும் அதே வகை. ‘இலைதானே, சாராயமா?’ என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்கள். இந்த விவரத்தைத் திட்டாமல் அவர்களிடம் எடுத்துச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஊரைவிட்டுப் போவது. பிறந்த நாட்டைவிட்டு வேறு நாட்டில் குடியேறுகிறவர்களிடம் மனப்பிறழ்வு கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. தனிமை, அவமதிப்பு, ஆதரவின்மை ஆகியவை காரணமாகச் சொல்லப்படுகின்றன. நம்மில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் இருபது வயதில் துபாய்க்கும் ரியாத்துக்கும் போகிறார்கள்! பேசும்போது ‘சம்பளம் வந்துவிட்டதா’ என்பதோடு ‘தூங்கினாயா, கூட யாரோடு சாப்பிட்டாய்’ என்றும் கேளுங்கள். ஏற்கெனவே மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால், வளைகுடா நாடுகள் பலவற்றில் சில மனநல மருந்துகளைக் கொண்டுபோக முன் அனுமதி வேண்டும். மருந்துச் சீட்டோடு விசாரித்துவிட்டே விமானம் ஏற்றுங்கள்.

பிள்ளையிடம் எப்படிப் பேசுவது?

‘அப்படியெல்லாம் ஒரு குரலும் இல்லை’ என்று வாதிட்டால் கதவை அடைத்துக்கொள்வான். ‘ஆமாம், எனக்கும் கேட்கிறது’ என்பது பொய். ‘எனக்குக் கேட்கவில்லை வாப்பா. ஆனால் உனக்குக் கேட்கிறது, நீ பயந்துபோயிருக்கிறாய் என்று தெரிகிறது. ராத்திரி தூங்கி எத்தனை நாளாச்சு? தூக்கத்துக்காவது ஒரு டாக்டரைப் பார்ப்போம்’ என்று சொல்லிப் பாருங்கள். தூக்கம் என்றால் பல பிள்ளைகள் வர ஒப்புக்கொள்கிறார்கள். பெற்றோர் பேச்சு ஏறாவிட்டால் அவன் மதிக்கும் மாமாவோ உஸ்தாதோ பேசட்டும். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்கத் தயங்காதீர்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. மீண்டு வந்த பிறகும் எந்நேரமும் குறை சொல்லித் திட்டும் வீட்டில் நோய் சீக்கிரம் திரும்புகிறது என்பது லண்டனில் தொடங்கிப் பல நாடுகளில் உறுதியான செய்தி. ‘ஒரு வேலையும் செய்யாமல் கிடக்கிறாயே’ என்பது அந்த வகைப் பேச்சுத்தான்.

எங்கே போவது?

வீட்டிலிருந்தபடியே 14416 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். ‘டெலி மானஸ்’ என்ற அரசு மனநல உதவித் தொலைபேசி அது. 2022 அக்டோபர் முதல் நடக்கிறது. இரவும் பகலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவு, மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள மாவட்ட மனநலத் திட்டப் பிரிவு ஆகியவற்றுக்குப் போகலாம். மருந்தும் அங்கேயே இலவசம். சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் இருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு அஞ்சுகிறவர்கள் பக்கத்து அரசு மருத்துவமனையிலேயே தொடங்கலாம். பெரும்பாலானவர்களை உள்ளே சேர்க்க வேண்டிய தேவையே இருக்காது. பயணச் செலவுக்கும் வெளியில் வாங்க வேண்டிய மருந்துக்கும் வழியில்லாதவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வரலாம். இந்த விண்ணப்பங்களைத் தனிக் கோப்பில் வைக்கிறோம். பெயரை அறிவிப்புப் பலகையிலோ ஆண்டறிக்கையிலோ போடுவதில்லை.

போவதற்கு முதல் நாள் ஒரு தாளில் சில விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். மாற்றத்தை முதலில் கவனித்தது எந்த மாதம், அப்போது பிள்ளை என்ன படித்துக்கொண்டிருந்தான், தூக்கம் இப்போது எத்தனை மணி நேரம், குரல் கேட்பதாகவோ சந்தேகமாகவோ அவன் சொன்ன சொற்கள் அப்படியே, தலையில் அடிபட்டது அல்லது வலிப்பு வந்தது உண்டா, கஞ்சாவோ வேறு போதையோ பழக்கம் உண்டா, இரு பக்கத்து உறவிலும் யாருக்காவது மனநோய் இருந்ததா, இதுவரை கொடுத்த மாத்திரை, நாட்டு மருந்து எவையெவை. மருத்துவமனைக் கூட்டத்தில் மருத்துவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். பிள்ளைக்கு முன்னால் சொல்லத் தயங்குவதையும் இந்தத் தாள் சொல்லிவிடும். பழைய மருந்துச் சீட்டுகளை அதோடு சேர்த்து ஒரு உறையில் போட்டுக்கொள்ளுங்கள். வெளிநோயாளர் சீட்டுக் காலையிலேயே கொடுத்து முடித்துவிடுவார்கள், ஆகவே சீக்கிரம் கிளம்புங்கள்; பிள்ளையோடு இருவராகப் போங்கள், ஒருவர் வரிசையில் நிற்க, ஒருவர் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க.